திருப்பி அழைக்கப்பட்ட மாணவர்கள்

1881ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் பயின்றுகொண்டிருந்த சீன மாணவர்களுக்குத் தாயகத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. படிப்பை அந்த நிலையிலேயே நிறுத்திவிட்டு அனைவரும் உடனே நாடு திரும்ப வேண்டும் என்பதே அது. அவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அப்போது கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்வி நிலையங்களிலும் பயின்றுவந்தனர். பட்டம் பெற்று முடித்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. 15 ஆண்டுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட ஒரு முயற்சி ஒன்பதே ஆண்டுகளில் முடித்துவைக்கப்பட்டது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அமெரிக்காவும் சீனாவும் இன்று உலகின் இரு பெரும் பொருளாதாரங்கள். இவற்றுக்கிடையே சுங்க வரி பற்றியும் கணினிச் சில்லு பற்றியும் நடக்கும் மோதல்கள் நாள்தோறும் முதல் பக்கச் செய்திகளாகின்றன. ஆனால், மாணவர்கள், ஆசிரியர்கள், கலைஞர்கள் ஆகியோரின் போக்குவரத்து சத்தமின்றிச் சுருங்கிவருவது அந்த அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை. வரியை ஓர் அறிவிக்கையில் குறைத்துவிடலாம். ஒரு தலைமுறை கற்காமல் விட்ட மொழியை எந்த அறிவிக்கையாலும் கற்பித்துவிட முடியாது. எனவே, இந்தப் பரிமாற்றத்தின் வரலாற்றைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

யுங் விங்கின் திட்டம்

மக்காவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் யுங் விங். கிறிஸ்தவ சமயப் பணியாளர்கள் நடத்திய பள்ளியில் பயின்று, அமெரிக்கா சென்று, 1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவரே. தாம் பெற்ற வாய்ப்பைத் தம் நாட்டுச் சிறுவர்களும் பெற வேண்டும் என்று பல ஆண்டுகள் ஆட்சியாளர்களிடம் மன்றாடினார். அவரது விண்ணப்பத்தை செங் குவோஃபான், லீ ஹோங்சாங் ஆகிய இரு மூத்த அமைச்சர்கள் ஆதரித்தனர். அதன் விளைவாக, 1872 முதல் 1875 வரை ஆண்டுக்கு 30 பேர் வீதம் 120 சிறுவர்கள் அரசுச் செலவில் அனுப்பப்பட்டனர்.

செல்வாக்குள்ள குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை அவ்வளவு தொலைவு அனுப்பத் தயங்கின. ஆதலால், சென்றவர்களில் பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்துச் சாதாரணக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஹார்ட்ஃபோர்டு நகரை மையமாகக் கொண்டு, அமெரிக்கக் குடும்பங்களின் வீடுகளில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். ஆங்கிலம் கற்றனர், கூடவே சீன இலக்கிய நூல்களையும் படித்தனர். பேஸ்பால் விளையாடினர்; தங்களுக்கென ஓர் அணியையே அமைத்துக்கொண்டனர்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. சிறுவர்கள் மேலை நாட்டு உடையை விரும்புகிறார்கள், சிலர் பின்னலை வெட்டிக்கொள்கிறார்கள், சிலர் மதம் மாறுகிறார்கள் என்று கண்காணிப்பு அதிகாரிகள் தலைநகருக்கு எழுதினர். இவர்கள் திரும்பி வரும்போது சீனர்களாக இருக்க மாட்டார்கள் என்ற அச்சம் அரசவையில் பரவியது. மறுபுறம், சீன மாணவர்களை ராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் சேர்க்க அமெரிக்கா மறுத்துவிட்டது. அரசின் கல்வி நிலையங்களில் சீனர்களுக்கு இடமுண்டு என்று 1868ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டிருந்தும் இந்த மறுப்பு வந்தது. எழுத்தாளர் மார்க் ட்வெய்னும் முன்னாள் அதிபர் கிராண்டும் தலையிட்டுப் பார்த்தும் பயனில்லை. மாணவர்கள் திரும்பினர். அடுத்த ஆண்டே, அதாவது 1882இல், சீனத் தொழிலாளர்கள் குடியேறுவதைத் தடைசெய்யும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியது. அந்தச் சட்டம் 1943 வரை நீடித்தது.

அந்த மாணவர்கள் தாயகத்தில் வரவேற்கப்படவில்லை; ஐயத்தோடுதான் நடத்தப்பட்டார்கள். ஆயினும், கிடைத்த அரைகுறைக் கல்வியைக் கொண்டே அவர்கள் தந்தித் துறையிலும் சுரங்கங்களிலும் கடற்படையிலும் பணியாற்றினர். பிரான்ஸ், ஜப்பான் நாடுகளுடனான போர்களில் சிலர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவரான ஜான் தியன்யூ, 1905 முதல் 1909 வரை பெய்ஜிங்குக்கும் சாங்ஜியாகோவுக்கும் இடையே மலைப்பாதையில் ரயில் பாதை அமைத்தார். வெளிநாட்டுப் பொறியாளர்களின் உதவியின்றிச் சீனர்களே வடிவமைத்துக் கட்டிய முதல் ரயில் பாதை அது. மற்றொருவரான தாங் ஷாவோயி, 1912இல் சீனக் குடியரசின் முதல் பிரதமரானார். வீண் செலவு என்று கருதி மூடப்பட்ட ஒரு திட்டத்தின் விளைச்சல் இது.

இழப்பீட்டுப் பணமும் சிங்ஹுவாவும்

இரண்டாம் கட்டம் ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1900இல் நடந்த பாக்சர் கிளர்ச்சியை எட்டு நாட்டுப் படைகள் ஒடுக்கின. 1901இல் சீனா மீது 45 கோடி டேல் வெள்ளி இழப்பீடாகச் சுமத்தப்பட்டது. அதை 4 சதவீத வட்டியுடன் 39 ஆண்டுகளில் செலுத்த வேண்டும். இதில் அமெரிக்காவின் பங்கு சுமார் 2.5 கோடி டாலர். தாங்கள் கோரிய தொகை உண்மையான இழப்பைவிட மிக அதிகம் என்பதை அமெரிக்க அரசே உணர்ந்தது. கூடுதலாகக் கணக்கிடப்பட்ட ஒரு கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் திருப்பித்தர 1908இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. அந்தப் பணம் சீன மாணவர்களை அமெரிக்காவில் படிக்கவைக்கப் பயன்பட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

இதை அமெரிக்காவின் பெருந்தன்மை என்று மட்டும் எழுதும் வழக்கம் உண்டு. அது முழு உண்மையன்று. திரும்பிவந்தது சீனக் குடிமக்களின் வரிப்பணம். மேலும், சீனாவின் இளந்தலைமுறைக்குக் கல்வி அளிக்கும் நாடே வருங்காலத்தில் அங்கு அறிவுத் துறையிலும் வணிகத்திலும் செல்வாக்குப் பெறும் என்று இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் ஜேம்ஸ் 1906இலேயே அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதியிருந்தார். தன்னலமும் நன்மையும் ஒரே திட்டத்தில் கலந்திருந்தன. பன்னாட்டு உறவுகளில் நிலைத்து நின்ற பல திட்டங்கள் இத்தகையவையே. ஒரு தரப்பின் கருணையை மட்டும் நம்பியவை நீடிப்பதில்லை.

1909இல் 47 பேரைக் கொண்ட முதல் குழு சென்றது. இம்மாணவர்களை ஆயத்தப்படுத்த 1911இல் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்ட பள்ளிதான் இன்றைய சிங்ஹுவா பல்கலைக்கழகம். அதன் முதல் தலைவர் தாங் குவோவான், 1881இல் திருப்பி அழைக்கப்பட்ட மாணவர்களில் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. பாதியில் நிறுத்தப்பட்டவர்களே அடுத்த தலைமுறைக்கு வாயிலைத் திறந்தார்கள்.

1910இல் இந்த உதவித்தொகையில் சென்றவர் ஹு ஷி. கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கொலம்பியாவில் தத்துவ அறிஞர் ஜான் டியூயியிடமும் பயின்றார். பழஞ்சீன நடையைக் கைவிட்டு, மக்கள் பேசும் மொழியில் எழுத வேண்டும் என்று 1917இல் அவர் வைத்த கோரிக்கை சீன இலக்கியத்தின் போக்கையே மாற்றியது. அவருடைய ஆசிரியர் டியூயி, 1919 முதல் 1921 வரை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சீனாவில் தங்கி விரிவுரைகள் ஆற்றினார். 1922இல் சீனா ஏற்றுக்கொண்ட ஆறு, மூன்று, மூன்று ஆண்டுப் பள்ளிக் கட்டமைப்பு அமெரிக்க முறையைத் தழுவியது. நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இங்குண்டு. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா சென்ற அம்பேத்கரும் அதே டியூயியிடம் பயின்றவர். ஒரே பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளிலிருந்து இரு பெரும் ஆசிய நாடுகளின் சிந்தனையாளர்கள் புறப்பட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கா கற்றுக்கொண்டவை

பரிமாற்றம் என்றால் வளர்ந்த நாடு கொடுப்பது, வளரும் நாடு பெறுவது என்ற எண்ணம் நம்மிடமும் இருக்கிறது. பொருளியல் வரலாற்றிலிருந்தே இதற்கு மறுப்புக் கூறலாம்.

சென் ஹுவான்சாங் என்னும் சீன அறிஞர், பழைய அரசுத் தேர்வு முறையின் மிக உயர்ந்த பட்டத்தைப் பெற்ற பின் கொலம்பியா சென்று, கன்ஃபூசியஸ் மரபின் பொருளியல் கோட்பாடுகளை ஆராய்ந்து 1911இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்நூலுக்கு அடுத்த ஆண்டே ஜான் மேனார்டு கெய்ன்ஸ் மதிப்புரை எழுதினார். விளைச்சல் மிகும்போது அரசு தானியத்தை வாங்கிச் சேமிப்பது, தட்டுப்பாடு வரும்போது அதை விற்று விலையேற்றத்தைத் தடுப்பது என்னும் ஹான் வம்சக் காலத்துக் களஞ்சிய முறையை அந்நூல் விளக்கியிருந்தது. உழவரும் நுகர்வோரும் ஒருங்கே காக்கப்படும் ஏற்பாடு அது.

அந்நூலைப் படித்தவர்களுள் ஒருவர் ஹென்றி வாலஸ். 1933இல் அமெரிக்காவின் வேளாண் அமைச்சரானவர். பெருமந்தக் காலத்தில் விளைபொருள் விலை வீழ்ந்து உழவர்கள் நொடித்துப்போன நேரத்தில், சீனக் களஞ்சிய முறையை அவர் கையிலெடுத்தார். 1938ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் அக்கருத்து இடம்பெற்றது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஆசிய நடைமுறை ஒன்று, ஒரு மாணவரின் ஆய்வேட்டின் வழியாக அமெரிக்க உழவர்களின் வாழ்வில் நுழைந்தது.

எதிர்த்திசையிலும் இப்படியே நடந்தது. நான்ஜிங் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளியல் கற்பித்த அமெரிக்கர் ஜான் லாசிங் பக், தம் சீன மாணவர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான பண்ணைகளின் விவரங்களைத் திரட்டினார். 1937இல் வெளியான அவரது நிலப் பயன்பாட்டு ஆய்வு, அக்காலச் சீனக் கிராமப் பொருளாதாரத்தைப் பற்றி இன்றும் ஆய்வாளர்கள் நாடும் ஆதாரம். அவர் மனைவியாக இருந்த பெர்ல் பக் எழுதிய ‘நல்ல நிலம்’ நாவல் 1931இல் வெளிவந்தது. சீன உழவரை இரத்தமும் சதையுமான மனிதராக லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் முதன்முதலில் அறிந்தது அந்நாவலின் வழியே எனலாம். 1938இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பெய்ஜிங்கில் உருவாக்கிய மருத்துவக் கல்லூரி, சீன நவீன மருத்துவத்தின் நாற்றங்காலாக விளங்கியது.

இருபது ஆண்டு இருள்

1947 நவம்பரில், ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் அமெரிக்காவுடன் கையெழுத்திட்ட முதல் நாடு சீனாவே. இரண்டே ஆண்டுகளில் ஆட்சி மாறியது. கொரியப் போர் வந்தது. எல்லாத் தொடர்புகளும் அறுந்தன. அந்த முறிவு இரு நாடுகளுக்கும் என்ன இழப்பைத் தந்தது என்பதற்கு இரு மனிதர்களின் வாழ்க்கை சான்று.

முதலாமவர் சியான் ஷுவேசென். இழப்பீட்டு உதவித்தொகையில் 1935இல் அமெரிக்கா சென்றவர். எம்.ஐ.டி.யிலும் கால்டெக்கிலும் பயின்று, அந்நாட்டின் ராக்கெட் ஆய்வில் முன்னணி அறிஞராக உயர்ந்தவர். கம்யூனிஸ்ட் என்ற ஐயத்தின்பேரில் 1950இல் அவருடைய பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் கண்காணிப்பில் வைக்கப்பட்டு, 1955இல் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவர்தான் ஏவுகணைத் திட்டத்தையும் விண்வெளித் திட்டத்தையும் கட்டியெழுப்பினார். பாதுகாப்பின் பெயரால் அமெரிக்கா எடுத்த நடவடிக்கை, அந்நாட்டின் பாதுகாப்புக்கே பெரும் பின்னடைவாக முடிந்தது.

இரண்டாமவர் மா யின்சு. 1914இல் கொலம்பியாவில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னாளில் பெய்ஜிங் பல்கலைக்கழகத் தலைவரானவர். 1953ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கண்டு கவலையுற்ற அவர், பிறப்பு விகிதத்தைப் படிப்படியாகவும் அறிவுறுத்தல் வாயிலாகவும் குறைக்க வேண்டும் என்று 1957இல் வாதிட்டார். மேலை நாட்டு மால்தஸின் கருத்தைப் பரப்புகிறார் என்று அவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். 1960இல் பதவியைத் துறந்தார். 1953இல் சுமார் 58 கோடியாக இருந்த மக்கள்தொகை, 1982இல் 100 கோடியைத் தாண்டியது. 1979இல் அவர் கூறியது சரியே என்று அரசு ஒப்புக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 97. அதற்குள் மிதமான வழிகளுக்கான காலம் கடந்துவிட்டதாகக் கருதிய அரசு, ஒரே குழந்தை என்னும் கடுமையான கொள்கையைக் கையில் எடுத்திருந்தது.

ஒரு நாடு தன்னிடம் பணியாற்றிய அந்நியரை ஐயுற்றது. மற்றொரு நாடு அயல்நாட்டில் பயின்ற தன் குடிமகனை ஐயுற்றது. இரண்டுக்கும் பின்னர் கொடுத்த விலை பெரிது.

அதிகாலை மூன்று மணி அழைப்பு

1971 ஏப்ரலில் அமெரிக்க மேசைப்பந்து வீரர்கள் பெய்ஜிங் சென்றதும், 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் சென்றதும் அனைவரும் அறிந்தவை. 1973இல் பிலடெல்பியா இசைக்குழு சீனாவில் நிகழ்ச்சிகள் நடத்தியது. மேலை இசை பழிக்கப்பட்டிருந்த கலாசாரப் புரட்சிக் காலத்தில் நடந்த நிகழ்வு அது. எனினும், உண்மையான திருப்புமுனை 1978இல் வந்தது.

அவ்வாண்டு ஜூலையில், அதிபர் கார்ட்டரின் அறிவியல் ஆலோசகர் ஃபிராங்க் பிரெஸ் பெய்ஜிங் சென்றிருந்தார். அமெரிக்காவுக்கு 5,000 மாணவர்களை அனுப்பலாமா என்று டெங் சியோபிங் அவரிடம் கேட்டார். பிரெஸ் உடனே வாஷிங்டனுக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கு அதிகாலை மூன்று மணி. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட கார்ட்டர், ஒரு லட்சம் பேரையே அனுப்பலாம் என்று விடையளித்ததாகப் பின்னாளில் அவரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் 52 சீன அறிஞர்கள் வந்திறங்கினர். அவர்கள் இளைஞர்கள் அல்லர். கலாசாரப் புரட்சி விழுங்கிய பத்தாண்டுகளை மீட்டுக்கொள்ளத் துடித்த நடுவயதினர். தூதரக உறவு முறைப்படி தொடங்கியது அதன் பின்னரே, 1979 ஜனவரி முதல் நாளில். அரசுகள் கைகுலுக்கும் முன்பே அறிஞர்கள் வந்துவிட்டார்கள்.

பின்னர் பல வாயில்கள் திறந்தன. இழப்பீட்டு உதவித்தொகையில் பயின்ற யாங் சென்னிங்குடன் 1957இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இயற்பியலாளர் லீ சுங்தாவ், தனிப்பட்ட முயற்சியில் ஒரு தேர்வுத் திட்டத்தை உருவாக்கினார். பத்தாண்டுகளில் 900க்கும் மேற்பட்ட சீன மாணவர்கள் அதன் வழியே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தனர். பொருளாதார அளவையியல் பயின்ற எவரும் ‘சௌ சோதனை’யை அறிவர். அதை உருவாக்கிய பிரின்ஸ்டன் பேராசிரியர் கிரிகோரி சௌ, ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் 1985 முதல் சீன மக்கள் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஃபூடானிலும் நவீனப் பொருளியல் வகுப்புகளை அமைத்தார். திட்டமிட்ட பொருளாதாரத்தை மட்டுமே படித்த ஒரு தலைமுறை, சந்தை எவ்வாறு இயங்குகிறது என்பதை அவ்வகுப்புகளில் கற்றது. 1986இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், நான்ஜிங் பல்கலைக்கழகங்கள் கூட்டாக ஒரு மையத்தைத் திறந்தன. அங்கே அமெரிக்க மாணவர்கள் சீன மொழியிலும் சீன மாணவர்கள் ஆங்கிலத்திலும் பயின்றனர்.

1993 முதல் அமெரிக்க அமைதிப் படைத் தன்னார்வலர்கள் சீன உள்நாட்டு நகரங்களில் ஆங்கிலம் கற்பித்தனர். யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஃபூலிங் நகரில் இவ்வாறு பணியாற்றிய பீட்டர் ஹெஸ்லர் எழுதிய நூல்கள், சாதாரணச் சீனரின் வாழ்வை அமெரிக்க வாசகருக்கு அணுக்கமாக்கின. 1985இல் அயோவா மாநிலத்தின் மஸ்கடீன் என்னும் சிற்றூரில் ஒரு குடும்பத்தின் விருந்தினராகத் தங்கி வேளாண்மையைப் பார்வையிட்ட இளம் மாவட்ட அதிகாரி ஒருவரும் இந்த வரலாற்றில் உண்டு. அவர் பெயர் ஷி ஜின்பிங். 2012இல் துணை அதிபராக அமெரிக்கா சென்றபோது அவர் அந்த ஊருக்கு மீண்டும் சென்றார்.

சுருங்கும் எண்ணிக்கை

2019-20 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற சீன மாணவர்கள் சுமார் 3.72 லட்சம் பேர். 2023-24இல் அது 2.77 லட்சமாகவும், 2024-25இல் சுமார் 2.66 லட்சமாகவும் குறைந்தது. எதிர்த்திசையில் நிலைமை இன்னும் மோசம். 2011-12இல் கிட்டத்தட்ட 15,000 அமெரிக்க மாணவர்கள் சீனாவில் பயின்றனர். பெருந்தொற்றுக்குப் பின், 2021-22இல் அந்த எண்ணிக்கை 211. அமெரிக்கக் கல்லூரிகளில் சீன மொழி வகுப்புகளில் சேர்வோர் 2013இல் சுமார் 61,000 ஆக இருந்து, 2021இல் சுமார் 46,000 ஆகக் குறைந்தனர்.

பெருந்தொற்று ஒரு காரணம் மட்டுமே. 2018 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை ‘சீன முன்னெடுப்பு’ என்ற பெயரில் உளவு வழக்குகளைத் தொடங்கியது. பல வழக்குகள் உளவு பற்றியவையாக இல்லாமல், விண்ணப்பப் படிவங்களில் விவரம் விடுபட்டது பற்றியவையாக முடிந்தன, சில தள்ளுபடியாயின. 2022 பிப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால், சீன வம்சாவளி அறிவியலாளர்களிடையே அது விதைத்த அச்சம் கைவிடப்படவில்லை. 2020இல் சீனாவிலிருந்து அமைதிப் படை விலகியது. அதே ஆண்டு சீனா, ஹாங்காங் ஆகியவற்றுக்கான ஃபுல்பிரைட் திட்டம் நிறுத்தப்பட்டது. 2004இல் மேரிலாந்தில் தொடங்கி நூறுக்கும் மேல் பெருகியிருந்த கன்ஃபூசியஸ் மையங்கள் ஏறத்தாழ அனைத்தும் மூடப்பட்டன. 2025இல் மட்டும் நேரெதிரான இரு குரல்கள் வாஷிங்டனிலிருந்து ஒலித்தன. மே மாதத்தில் சீன மாணவர்களின் விசாக்களை ரத்துசெய்வோம் என்று வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். ஆகஸ்டில் ஆறு லட்சம் பேர் வரலாம் என்று அதிபர் கூறினார். இதற்கிடையே தன் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வேண்டிய பதினெட்டு வயது மாணவர் எதை நம்புவார்?

சீனாவின் தரப்பிலும் கதவுகள் அடைபட்டிருக்கின்றன. ஆவணக் காப்பகங்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. 2023இல் சீன ஆய்வேட்டுத் தரவுத்தளத்தின் பல பகுதிகளை வெளிநாட்டவர் அணுகுவது கட்டுப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட உளவுத் தடுப்புச் சட்டம், எது அரசு ரகசியம் என்ற எல்லையை மங்கலாக்கியது. ஐந்தாண்டுகளில் 50,000 அமெரிக்க இளைஞர்களை வரவேற்போம் என்று 2023 நவம்பரில் ஷி ஜின்பிங் அறிவித்தது நல்ல செய்தி. ஆனால், இரு வாரச் சுற்றுலா வேறு. இரண்டு ஆண்டுகள் தங்கி மொழியைக் கற்பது வேறு.

கணக்கில் வராத பயன்

அமெரிக்காவில் பயிலும் வெளிநாட்டு மாணவர்கள் 2023-24இல் அந்நாட்டுப் பொருளாதாரத்துக்குச் சுமார் 4,380 கோடி டாலர் அளித்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. வணிகக் கணக்கில் இது சேவை ஏற்றுமதி. சரக்கு வணிகத்தில் சீனாவிடம் பற்றாக்குறை காணும் அமெரிக்கா, உபரி காணும் துறைகளுள் ஒன்று கல்வி. அறிவியல், பொறியியலில் அங்கு முனைவர் பட்டம் பெறும் சீனர்களில் பத்தில் எட்டுப் பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் அங்கேயே பணியாற்றுகின்றனர். அவர்களின் பள்ளிக் கல்விக்குச் செலவிட்டது சீனா. உழைப்பின் பயனில் பெரும்பகுதியைப் பெறுவது அமெரிக்கா.

ஆயினும், பெரும் பயன் இந்தக் கணக்குகளில் வருவதில்லை. பொருளியலில் ‘புறப்பயன்’ என்றொரு கருத்து உண்டு. கொடுப்பவர், பெறுபவர் ஆகிய இருவரையும் கடந்து மூன்றாமவருக்குச் சென்று சேரும் பயன் அது. சென் ஹுவான்சாங்கின் ஆய்வேட்டுக்குக் கட்டணம் செலுத்தியவர் யாராயினும், அதன் பயன் கால் நூற்றாண்டு கழித்து அமெரிக்க உழவருக்குச் சென்றது. இவ்வாறான பயனுக்கு விலைச்சீட்டு ஒட்ட முடியாது. எனவே, வரவு செலவுத் திட்டத்தில் வெட்டு விழும்போது முதலில் பலியாவதும் இதுவே. இழப்பு உடனே தெரிவதில்லை. இருபது ஆண்டு கழித்து ஒரு நெருக்கடி வரும்போது, எதிர்த்தரப்பின் மொழியையும் மனத்தையும் அறிந்தவர் அறையில் ஒருவரும் இல்லை என்பதில்தான் அது வெளிப்படும். தைவான் நீரிணையிலோ தென்சீனக் கடலிலோ அத்தகைய நெருக்கடி வருமானால், அதன் விலையை அவ்விரு நாடுகள் மட்டும் கொடுக்கப்போவதில்லை.

பாதுகாப்புக் கவலைகள் பொய்யானவை என்று கூற முடியாது. ராணுவத்துக்கும் குடிமைத் துறைக்கும் பயன்படும் தொழில்நுட்பங்கள் பெருகிவிட்ட காலம் இது. எந்த நாடும் தன் ஆயுத ஆய்வுக்கூடத்தின் சாவியை அயலாரிடம் கொடுக்காது. ஆனால், காக்க வேண்டியவற்றின் பட்டியல் சிறிதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். காவல் வலுவாக இருக்க வேண்டும். பட்டியல் நீண்டுகொண்டே போனால் காவலும் நீர்த்துப்போகும், கல்வியும் நின்றுபோகும். ஹான் வம்ச வரலாற்றையோ ஜாஸ் இசையையோ பயிலும் மாணவரால் எந்த ஏவுகணை ரகசியமும் களவுபோகாது. 1979இல் கையெழுத்தான அறிவியல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தை இரு அரசுகளும் 2024 டிசம்பரில் எல்லைகளைக் குறுக்கி, ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்தன. குறுக்கியேனும் காப்பாற்றலாம் என்பதற்கு அது நல்ல முன்னுதாரணம். ஃபுல்பிரைட் திட்டத்தையும் இப்படியே மீட்டெடுக்கலாம். மொழி, வரலாறு, சமூக அறிவியல், பொது சுகாதாரம் ஆகியவற்றில் தொடங்கலாம்.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. 2023-24இல் சீனாவைப் பின்தள்ளி, அமெரிக்காவுக்கு மிக அதிக மாணவர்களை அனுப்பும் நாடாக நாம் ஆகியிருக்கிறோம். தமிழகத்திலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர், பெற்றோரின் சேமிப்பையும் வங்கிக் கடனையும் நம்பிப் புறப்படுகின்றனர். சீன மாணவர்கள் மீது இன்று விழும் ஐயத்தின் நிழல், அரசியல் காற்று திசைமாறினால் நாளை நம் மாணவர்கள் மீதும் விழக்கூடும்.

1881இல் கப்பலேறிய மாணவர்கள் இரு தரப்பாலும் கைவிடப்பட்டவர்கள். அமெரிக்கராகிவிட்டார்கள் என்று சீனா அஞ்சியது. சீனராகவே இருக்கிறார்கள் என்று அமெரிக்கா விலக்கியது. இன்றும் அதே இரு அச்சங்களுக்கிடையே ஒரு தலைமுறை நின்றுகொண்டிருக்கிறது. அன்று திருப்பி அழைக்கப்பட்டவர்கள் பின்னர் ரயில் பாதை போட்டார்கள், பல்கலைக்கழகம் நடத்தினார்கள், நாட்டை ஆண்டார்கள். அவர்கள் படிப்பை முடித்திருந்தால் இன்னும் என்னென்ன செய்திருப்பார்கள் என்பதை நாம் அறிய வழியில்லை. அதுதான் உண்மையான இழப்பு.

கட்டுரையாளர்:

பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).